கட்டி அகன்ற காதில் ஒலி திரும்புமா?

தொலைபேசி ஒலித்ததும் தாங்கள் அதை எந்தக் காதருகே கொண்டு செல்கிறீர்கள் என்று எப்போதேனும் கவனித்ததுண்டா? வலக்காதோ இடக்காதோ, ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. இருபது ஆண்டுகளாக வலக்காதில் வைத்துப் பேசியவர் ஒருநாள் தாமறியாமலே இடக்காதுக்கு மாற்றிக்கொள்கிறார். காரணம் கேட்டால், "அந்தப் பக்கம் சத்தம் வருகிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் விளங்கவில்லை" என்பார். கைப்பேசியைக் குறை கூறுவார். புதிதாக ஒன்றை வாங்கியும் பார்ப்பார். சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்னும் இந்தச் சிறு முறையீட்டில்தான் இம்மாதம் நாம் பேசவிருக்கும் நோயின் முதல் தடயம் ஒளிந்திருக்கிறது.

சென்ற இதழில் முதுமையில் வரும் செவிக்குறை பற்றி எழுதியிருந்தேன். இரண்டு காதுகளும் ஏறத்தாழ ஒரே அளவில் மங்குவது முதுமையின் இயல்பு என்றும், ஒரு காது மட்டும் மங்கினால் அதை முதுமையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அவ்வரியைப் பிடித்துக்கொண்டு, கடலோர ஊர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் வரைந்துள்ளார். அவருடைய கணவருக்கு வயது 48. சொந்தமாகக் கடை நடத்துகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வலக்காதில் இரைச்சல் தொடங்கியது. பிறகு அக்காது மந்தமாயிற்று. படிக்கட்டில் இறங்கும்போது சற்றே தள்ளாட்டம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் 'அகூஸ்டிக் நியூரோமா' என்று தெரிய வந்திருக்கிறது. கட்டியை அகற்றினால் அக்காது முற்றாகச் செவிடாகிவிடும் என்று மருத்துவர் கூறிவிட்டார். குழந்தைகளுக்குப் பொருத்துகிறார்களே, அந்தக் காக்ளியர் கருவியைப் பொருத்திக்கொள்ளலாமே என்கிறார் உறவினர் ஒருவர். நரம்பே கெட்டுப்போன பிறகு கருவி எதற்கு, வீண் செலவு என்கிறார் இன்னொருவர். "மச்சானுக்கு எதைச் சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை" என முடித்திருக்கிறார் அச்சகோதரி.

இரண்டு உறவினர்களும் சொல்வதில் உண்மை இருக்கிறது. எவருடைய கூற்று எந்த இடத்தில் பொருந்தும் என்பதைத்தான் விளக்க வேண்டும். சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு இணைகள். அவற்றுள் எட்டாவது, காதுக்கு உரியது. ஒரே கயிறு போலத் தோன்றினாலும் அதனுள் இரண்டு புரிகள் உண்டு. ஒன்று ஒலியைக் கொண்டு செல்வது. மற்றொன்று உடலின் சமநிலையைப் பற்றிய செய்தியைக் கொண்டு செல்வது. இந்நரம்பு, உட்செவியிலிருந்து மூளைத்தண்டு வரை செல்லும் வழியில், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்புக் குழாயைக் கடக்கிறது. முகத் தசைகளை இயக்கும் ஏழாவது நரம்பும் அதே குழாயில்தான் உடன் செல்கிறது. இடம் குறுகியது, அண்டை வீட்டார் பலர். அங்கே ஒரு கடுகளவு வீக்கம் எழுந்தாலும் யாருக்காவது நெருக்கடி நேர்வது உறுதி.

சமநிலைப் புரியைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்கள் பெருகித் திரள்வதே இக்கட்டி. ஆகவே 'அகூஸ்டிக் நியூரோமா' என்னும் பெயரில் இரண்டு சொல்லுமே பிழை. அது ஒலி நரம்பில் தோன்றுவதன்று. நரம்புச் செல்லால் ஆனதுமன்று. 1991-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு இதனை 'வெஸ்டிபுலர் ஷ்வானோமா' என்றே அழைக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆயினும் பழைய பெயர் போகவில்லை. மருத்துவச் சீட்டில் இரண்டில் எது எழுதப்பட்டிருந்தாலும் பொருள் ஒன்றே. புற்றுநோய் வகையைச் சேர்ந்ததன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலின் பிற பாகங்களுக்குப் பரவாது. பெரும்பாலும் மெல்ல வளரும். பலருக்குப் பல ஆண்டுகள் வளராமலே நிற்கும். ஆண்டுதோறும் இலட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ கண்டறியப்படுகிறது. ஒரு காது மந்தமான அனைவருக்கும் இந்நோய் இருப்பதாக எண்ணி நடுங்க வேண்டுவதில்லை. அத்தகையோருள் மிகச் சிலருக்கே கட்டி இருக்கும். அந்தச் சிலரைக் கண்டுகொள்ளவே பரிசோதனை.

கைப்பேசியால் இது வருகிறதா என்று கேட்போர் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் கைப்பேசி அலைகளைக் 'காரணமாக இருக்கக்கூடும்' என்னும் ஐயப் பட்டியலில் வைத்தது உண்மை. அதன் பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் உறுதியான தொடர்பு நிலைநாட்டப்படவில்லை.

இக்கட்டியை முதன்முதலில் பிரேதப் பரிசோதனையில் கண்டு எழுதியவர் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரின் எட்வார்ட் சாண்டிஃபோர்ட், ஆண்டு 1777. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட இதற்கான அறுவை என்பது பெரும்பாலும் மரணத்தில் முடிந்தது. ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் 1917-இல் இதற்கெனத் தனி நூலே எழுதினார். கட்டியின் உட்பகுதியை மட்டும் குடைந்தெடுக்கும் முறையால் உயிர்ச்சேதத்தைப் பெரிதும் குறைத்தார். அக்காலத்தில் உயிர் பிழைத்தாலே வெற்றி. முகம் கோணினாலும், காது போனாலும் எவரும் கேள்வி கேட்கவில்லை.

1960-களில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் வில்லியம் ஹவுஸ் என்பவர் வந்தார். முதலில் பல் மருத்துவம் பயின்று, பிறகு காது மருத்துவத்துக்கு மாறியவர் இவர். நுண்ணோக்கியின் துணையோடு, காதின் பின்புற எலும்பைக் குடைந்து, உட்செவியின் வழியாகவே கட்டியைச் சென்றடையும் வழியைக் காட்டினார். முகநரம்பைத் தெளிவாகக் கண்டு காக்க இவ்வழி உதவியது. விலை என்னவெனில், உட்செவியின் சமநிலை உறுப்புகள் அழிகின்றன. அக்காதின் கேள்வியும் அத்துடன் போய்விடுகிறது. ஏற்கெனவே கேட்காத காது, அல்லது கட்டி பெரிதாகிவிட்ட காது என்றால் இவ்வழியை இன்றும் மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கேள்வியைக் காக்க முயலும் வேறு இரண்டு வழிகளும் உண்டு. கட்டி சிறிதாக இருந்தால்தான் அவற்றில் வெற்றி வாய்ப்பு ஓரளவேனும் இருக்கும். அறுவையே இல்லாமல் கதிர்களைக் குவித்துக் கட்டியின் வளர்ச்சியை நிறுத்தும் காமா நைஃப் முறையும் இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் லார்ஸ் லெக்செல் உருவாக்கியது. சிறிய கட்டியாயின் எதுவும் செய்யாமல் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிப்பதும் ஏற்கப்பட்ட மருத்துவமே. ஆனால் இங்கொரு செய்தியைக் கவனியுங்கள். கட்டி வளராமல் நின்றாலும், கதிர்களால் அடங்கினாலும், கேள்வி மட்டும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போவது பலருக்கு நேர்கிறது.

ஏன் அப்படி? கட்டி நரம்பை நெரிப்பது ஒரு காரணம். உட்செவிக்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்ணிய குழாய் அதே குறுகிய வழியில் செல்வதால் அதுவும் நசுங்கக்கூடும். இவை போக, கட்டி சுரக்கும் பொருள்களால் உட்செவியின் நீர்மமே மாறுபட்டு, அங்குள்ள மயிர்ச்செல்கள் கெட்டுப்போவதும் உண்டு என இப்போது அறிந்திருக்கிறார்கள். எனவே இந்நோயாளியின் செவிட்டுத்தன்மையில் ஒரு பங்கு நரம்பினால் வந்தது; ஒரு பங்கு உட்செவியினால் வந்தது. எவருக்கு எது மிகுதி என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். மேலே சொன்ன இரண்டு உறவினர்களின் வழக்கும் இந்த இடத்தில்தான் தீர்க்கப்பட வேண்டும்.

காக்ளியர் கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்று பாருங்கள். உட்செவியில் காக்ளியா என்னும் நத்தைச்சுருள் இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கிறது. அதனுள் வரிசையாக நிற்கும் மயிர்ச்செல்கள் ஒலியலையை மின்குறியாக மாற்றி, ஏறத்தாழ முப்பதாயிரம் இழைகள் கொண்ட நரம்பிடம் ஒப்படைக்கின்றன. மயிர்ச்செல்கள் அழிந்தால் ஒலியை எவ்வளவு பெரிதாக்கிக் கொடுத்தாலும் பயனில்லை; அதனால்தான் சாதாரணக் காது மெஷின் அங்கே தோற்றுப்போகிறது. காக்ளியர் கருவியோ மயிர்ச்செல்லைத் தேடுவதேயில்லை. காதின் பின்னே மாட்டிய வெளிக்கருவி ஒலியை வாங்கிப் பகுத்து, தோலின் வழியே உள்ளிருக்கும் பகுதிக்கு அனுப்ப, அங்கிருந்து மெல்லிய கம்பி ஒன்று நத்தைச்சுருளுக்குள் சென்று, நரம்பின் நுனியை நேரடியாக மின்சாரத்தால் தூண்டுகிறது. ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் இக்கம்பியை உடையாமல் சுருளுக்குள் செலுத்துவது எப்படி என்று அறியாமல் நெடுநாள் தவித்தார். 1977-இல் கடற்கரையில் கிடந்த ஒரு சிப்பியின் சுருளுக்குள் புல்லின் இதழை நுழைத்துப் பார்த்தபோது வழி புலப்பட்டது. நுனி மென்மையாகவும் அடி போகப்போக விறைப்பாகவும் இருந்தால் கம்பி வளைந்து உள்ளே செல்லும். மறு ஆண்டு, 1978 ஆகஸ்டில், மெல்போர்னில் முதல் நோயாளிக்குப் பல மின்வாய்கள் கொண்ட அவரது கருவி பொருத்தப்பட்டது. இன்று கருவியின் வகையைப் பொறுத்து 12 முதல் 22 மின்வாய்கள் அக்கம்பியில் இருக்கின்றன.

ஆக, கருவி எழுப்பும் செய்தி மூளையை அடைய நரம்பு என்னும் பாதை வேண்டும். இந்நோயிலோ பாதையின் மீதே கட்டி அமர்ந்திருக்கிறது. கட்டியை எடுக்கும் கத்தியும் அப்பாதையின் மீதே நடக்கிறது. 'நரம்பு போனபின் கருவி எதற்கு' என்ற உறவினரின் வாதம் இதுவே. பல்லாண்டுகள் காது மருத்துவர்களும் இவ்வாறே எண்ணி, இந்நோயாளிகளைக் காக்ளியர் கருவிக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கி வைத்தனர்.

அந்த எண்ணம் சென்ற இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் மாறியிருக்கிறது. கண்காணிப்பில் மட்டுமே இருக்கும் கட்டி, கதிர்மருத்துவத்தால் அடங்கிய கட்டி ஆகிய இரண்டு நிலைகளிலும் நரம்பை எவரும் தொடவில்லை. அங்கே கேள்வி போயிருந்தாலும், உட்செவியின் பங்கு மிகுதியாயிருந்தால், கம்பியைச் செலுத்தியவுடன் நரம்பு பதில் தருகிறது. கட்டியை உள்ளே வைத்துக்கொண்டே காக்ளியர் கருவியால் வாய் அசைவைப் பாராமல் பேச்சை விளங்கிக்கொள்ளும் பெரியவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். இவ்வகையினருள் விளைவு பொதுவாக நன்றாகவே அமைகிறது. சிலருக்குக் கட்டி உட்செவிக்குள்ளேயே தோன்றுவதும் உண்டு; அது அரிது. அதை எடுத்துவிட்டு அதே அறுவையில் கம்பியைப் பொருத்தியவர்களும் நல்ல பலன் பெற்றிருக்கின்றனர்.

அறுவையால் கட்டியை அகற்றியவர்களின் நிலை இத்தனை எளிதன்று. ஒலி நரம்பைக் கண்ணுக்குத் தெரியக் காப்பாற்றிவிட்டேன் என்று மருத்துவர் கூறலாம். ஆயினும் பார்வைக்கு முழுமையாயிருக்கும் நரம்பு வேலை செய்யும் என்பதற்கு உறுதி கிடையாது. கட்டியைப் பிரிக்கையில் இழைகள் இழுபட்டிருக்கலாம். இரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். வெளிவந்துள்ள மருத்துவ அறிக்கைகளைப் பார்க்கையில், நரம்பு காக்கப்பட்டுக் கருவி பொருத்தப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரோ அதற்குச் சற்று மேற்பட்டோரோ பேச்சை விளங்கிக்கொள்ளும் நிலையை அடைகின்றனர். மற்றவர்களுக்கு ஒலி கேட்கிறது, கதவு தட்டுவதும் வண்டியின் ஹாரனும் தெரிகின்றன, சொற்கள் தெளிவதில்லை. ஒரு சிலருக்கு ஒலியே எழுவதில்லை. சாதாரணக் காரணங்களால் செவிடானவர்களுக்குக் காக்ளியர் கருவி தரும் பலனோடு ஒப்பிட்டால் இது குறைவே. மேலும் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. முன்கூட்டிச் சொல்லிவிட முடியாத இத்தன்மையே இந்நோயாளிகளின் தனிச் சிக்கல். நூற்றுக்கு நூறு என்று யாரேனும் வாக்களித்தால் அவரிடமிருந்து சற்று விலகியே நில்லுங்கள்.

நாள் செல்லச் செல்லப் பலன் மாறக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளிருக்கும் கட்டி பிற்காலத்தில் வளர்ந்தால் நன்றாயிருந்த பேச்சுத் தெளிவு மங்கிவிடலாம். மங்கினால் அது கருவியின் பழுதென்று கடையைத் தேடி ஓடாமல், கட்டியைப் பார்க்க வேண்டும்.

இனி, காலம் பற்றிய ஒரு செய்தி. சகோதரி தம் கணவரின் அறுவைக்கு முன்னரே அறிந்திருக்க வேண்டியது இது. உட்செவி வழியாக அறுவை நடந்த பிறகு, நத்தைச்சுருளின் உட்பகுதியில் நாரும் எலும்பும் வளர்ந்து அடைத்துக்கொள்வதுண்டு. சில மாதங்களிலேயே இது தொடங்கிவிடலாம். அடைத்த பின் கம்பியைச் செலுத்த இடமிராது. 'முதலில் கட்டியை எடுப்போம், கருவியைப் பற்றி இரண்டு ஆண்டு கழித்து யோசிக்கலாம்' என்று கூறுவது அறிவுடைமை போலத் தோன்றினாலும், அதற்குள் கதவு மூடிவிடக்கூடும். இதனால் பல மருத்துவமனைகளில் கட்டியை அகற்றும் அதே அறுவையிலேயே கருவியையும் பொருத்திவிடுகின்றனர். கட்டியை எடுத்துக்கொண்டிருக்கும்போதே உட்செவியில் சோதனைக் கம்பி ஒன்றை வைத்துத் தூண்டி, மூளைத்தண்டில் பதில் அலை எழுகிறதா என்று கணிப்பொறியில் கண்காணிக்கும் முறையும் வந்துள்ளது. பதில் எழுந்தால் நம்பிக்கையுடன் பொருத்தலாம். எழாவிட்டால் முடிவு கடினமாகிறது. பதில் எழாதவர்களுள்ளும் சிலருக்குப் பின்னர் கேட்டிருக்கிறது.

ஒரு காது நன்றாயிருக்கும்போது மற்றொன்றுக்காக இத்தனை பாடு ஏன் என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒற்றைக் காதோடு நிறைவாக வாழ்வோர் பலர் உள்ளனர். கருவி வேண்டாம் என்று முடிவு செய்வதில் குறையொன்றுமில்லை. ஆனால் இறைவன் இரண்டு காதுகளைத் தந்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. வலப்புறத்து ஒலி இடக்காதை அடைய, ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் கூடுதலாகிறது. அந்த நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. ஒரு காது போனவருக்குப் பாங்கொலி எந்தப் பள்ளியிலிருந்து வருகிறது என்பது தெரியாது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கம் வருகிறது என்பதும் தெரியாது. கலியாண வீட்டுப் பந்தியில், கேளாத பக்கம் அமர்ந்தவர் என்ன கேட்டாலும் புன்னகைத்துத் தலையாட்டிவிட்டு வருவார். உள்ளுக்குள் சோர்ந்துபோவார். கர்வம் பிடித்தவர் என்று ஊரார் பேசுவதும் உண்டு.

கேளாத பக்கத்து ஒலியை மைக் மூலம் வாங்கி நல்ல காதுக்கு அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. எலும்பின் வழியே அனுப்புபவையும் இருக்கின்றன. விலை ஒப்பீட்டில் குறைவு. அவை பந்தியில் உதவும். திசையறிய உதவா, ஏனெனில் கேட்பது இப்போதும் ஒரே காதுதான். இரண்டாம் காதை மீண்டும் எழுப்புவது காக்ளியர் கருவி ஒன்றே. ஒரு காது மட்டும் செவிடானவர்களுக்கும் இதனைப் பொருத்த அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019-இல் ஒரு நிறுவனத்துக்கும் 2022-இல் இன்னொன்றுக்கும் இசைவளித்தது. காதிரைச்சலால் உறக்கம் கெட்டவர்களுள் பலருக்குக் கருவி இயங்கும் வேளையில் அவ்விரைச்சல் தணிகிறது. பேச்சு முழுதும் தெளியாதவர்கள்கூட இதற்காகவே அதைக் கழற்றாமல் அணிகின்றனர்.

இரண்டு காதுகளிலும் கட்டி வருபவர்களின் துயரம் தனி. அதற்கு என்.எஃப்.2 என்று பெயர்; இந்நோயாளிகளுள் ஏறத்தாழ இருபதில் ஒருவர் இவ்வகையினர். 22-ஆவது குரோமசோமில் உள்ள ஒரு மரபணுவின் பிழையே காரணம் என்று 1993-இல் கண்டறிந்தனர். பெரும்பாலும் இளம் வயதிலேயே தலைகாட்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. நோயாளிகளுள் பாதிப்பேருக்குக் குடும்பத்தில் எவருக்குமின்றிப் புதிதாகவே தோன்றுகிறது. சொந்தத்தில் பெண் கொடுத்ததால் வந்த வினை என்று நம் குடும்பங்களில் மருமகளையோ சம்பந்தியையோ பழிப்பார்கள். இந்நோய்க்கும் உறவுமுறைத் திருமணத்துக்கும் தொடர்பு கிடையாது. அந்த வாயை அடைக்க இவ்வரியைக் காட்டுங்கள். முப்பது வயதுக்குள் ஒருவருக்கு இக்கட்டி கண்டறியப்பட்டால் அவருடைய மறுகாதையும், பெற்றோர், உடன்பிறந்தோரையும் சோதித்துக்கொள்வது அவசியம்.

இவர்களுக்கு ஒரு காதில் ஏதேனும் ஒரு வழியில் கேள்வியைத் தக்கவைப்பது வாழ்வா தாழ்வா என்னும் கேள்வி. நரம்பு காக்கப்பட்டால் காக்ளியர் கருவி. நரம்பு அறுந்துவிட்டால், நரம்பையே தாண்டி மூளைத்தண்டின் மீது மின்வாய்களைப் பதிக்கும் வழி இருக்கிறது. 1979-இல் அதே வில்லியம் ஹவுஸ், மூளை அறுவை மருத்துவர் வில்லியம் ஹிட்செல்பெர்கருடன் சேர்ந்து, இரண்டாம் கட்டியை அகற்றுகையில் ஒரு பெண்மணிக்கு இதனை முதன்முதலாகச் செய்தார். நம் சென்னையிலும் இவ்வறுவை நடந்திருக்கிறது. இதனால் பெரும்பாலோருக்கு ஒலியை உணரவும், உதட்டசைவோடு சேர்த்துப் பேச்சைப் பின்தொடரவும் முடிகிறது. ஒலியால் மட்டுமே பேச்சை விளங்கிக்கொள்வோர் சிலரே. காக்ளியர் கருவி பலனளிக்கும் என்.எஃப்.2 நோயாளிகள் இவர்களைவிட நன்றாகக் கேட்கின்றனர். ஆகவே நரம்பைக் காக்க இயலுமா என்று பார்த்த பிறகே மூளைத்தண்டுக்குச் செல்ல வேண்டும். பெவசிசுமாப் என்னும் மருந்தால் இவர்களுள் சிலருக்குக் கட்டி சுருங்கிக் கேள்வி சற்று மேம்பட்டதாக 2009-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் வெளியிட்டனர். மருந்து நின்றால் கட்டி மீண்டும் வளரக்கூடும்.

கருவி பொருத்திய அன்றே கேட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். காயம் ஆறிச் சில வாரங்களுக்குப் பிறகே அது இயக்கப்படுகிறது. முதல் நாளில் மனிதக் குரல் கீச்சுக்குரலாகவும், இயந்திரம் பேசுவது போலவும் கேட்கும். மின்வாய் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மின்சாரம் என்று அளந்து பொருத்தும் 'மேப்பிங்' பல தடவை நடக்க வேண்டும். நல்ல காது ஒன்று இருப்பது இங்கே உதவியும் இடையூறும் ஆகிறது; மூளை சோம்பிப்போய் நல்ல காதையே நம்பிக்கொண்டிருக்கும். எனவே வெளிக்கருவிக்கு நேராகவே ஒலியை அனுப்பி, நல்ல காது கேளாதபடி தினமும் பயில வேண்டும். எழுத்தைப் பார்த்தபடியே வாசிப்பதைக் கேட்பது எளிய பயிற்சி. இதில் மனைவி மக்களின் பங்கு பெரிது. பலன் தெரிய ஆறு மாதம் முதல் ஓராண்டு பிடிக்கும். காது செவிடாகி நெடுங்காலம் ஆகிவிட்டிருந்தால் பலன் குறைவு. சகோதரியின் கணவருக்கு மூன்றே ஆண்டு என்பது சாதகமான செய்தி.

அன்புச் சகோதரியே, மருத்துவரிடம் தாங்கள் கேட்க வேண்டியவை சில. கட்டியின் அளவு என்ன. உடனே அகற்ற வேண்டியதா, கண்காணிக்கலாமா? அறுவையாயின் எவ்வழி? ஒலி நரம்பைக் காக்க முயல்வீர்களா? அதே அறுவையில் காக்ளியர் கருவி பொருத்தும் வசதி இங்குண்டா, அன்றி வேறிடம் செல்ல வேண்டுமா? மறுகாதின் கேள்வி அளவையும் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: உயிர் முதலில், முகநரம்பு அடுத்து, காது அதன் பின். இவ்வரிசையை மாற்றும்படி மருத்துவரை வற்புறுத்த வேண்டாம். செலவு இலட்சக்கணக்கில் ஆகும். அரசின் உதவித் திட்டங்கள் பெரும்பாலும் சிறு குழந்தைகளை முன்னிறுத்தியவை. பெரியவர்களுக்கு அவற்றை நம்பியிருக்க இயலாது. வெளிக்கருவிக்கும் அதன் உதிரிகளுக்கும் பிற்காலத்திலும் செலவு உண்டு. நகையை விற்குமுன் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூளையுறை அழற்சியைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசியை அறுவைக்கு முன் போட்டுக்கொள்வது வழக்கம்.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் குனிவதும், முக்குவதும், கனம் தூக்குவதும் கூடாது. மூளையைச் சூழ்ந்த நீர் கசியும் ஆபத்து உண்டு. ஆகையால் ருகூஉ, சுஜூதுக்குக் குனியாமல் அமர்ந்து தொழுவது எத்தனை நாளுக்கு என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒளுச் செய்யும்போதும் குளிக்கும்போதும் வெளிக்கருவியைக் கழற்றி வைத்துவிடலாம்.

உள்ளிருக்கும் பகுதியில் ஒரு காந்தம் இருக்கிறது. இந்நோயாளிகளுக்கோ கட்டி மீண்டும் வளர்கிறதா என்று பார்க்க ஆண்டுகள் பலவும் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். காந்தத்தின் நிழல் படத்தில் விழுந்து கட்டி இருந்த இடத்தை மறைத்துவிடலாம். காந்தத்தைக் கழற்றி மாட்டக்கூடிய கருவிகளும், எம்.ஆர்.ஐ.யின் புலத்துக்கேற்பத் தானே திரும்பும் காந்தம் கொண்ட புதிய கருவிகளும் வந்துள்ளன. பொருத்தும் இடத்தைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி அமைத்தும் நிழலை விலக்குகிறார்கள். எந்த வகை பொருத்தப்படுகிறது என்பதை முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். கருவியுடன் தரப்படும் அடையாள அட்டையைக் கணவரின் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கச் சொல்லுங்கள். எந்த ஊரில், எதற்காக எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தாலும் அந்த அறைக்குள் கால் வைக்குமுன் அதனை அங்குள்ளவரிடம் காட்ட வேண்டும்.